சிங்கம் சிங்கிளா வந்தா கப்பு வருமா?

ஒரு சின்ன கணக்கு, மக்களே. இஞ்சினீயரிங் மேத்ஸ் இல்ல, பயப்படாதீங்க!

பொங்கலுக்கு ஊர்ல நைட் மேட்ச் கபடி. உங்க டீம் கையில வீடு வீடா வசூல் பண்ணின பத்தாயிரம் ரூபாய் இருக்கு. அதை மொத்தமா கொடுத்து, வெளியூர்ல இருந்து ஒரு சூப்பர் கார்னரை கெஸ்ட் ப்ளேயரா இறக்கலாமா? இல்ல, நம்ம பசங்க ஏழு பேருக்கும் ஒரு மாசம் முட்டை, பால், பிராக்டீஸ்னு செலவு பண்ணலாமா?

மரக்காணம் பக்கத்துப் பசங்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்ல. அங்கே அக்டோபர்ல மழை பிடிச்சா உப்பளம் பூரா தண்ணி. டிசம்பர் முடியற வரைக்கும் உப்பு வாருற வேலை கிடையாது. அந்த வேலையில்லாத காலத்துக்குன்னுதான் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறதை 2022-ல் தமிழக அரசு ஆரம்பிச்சது. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்போ வரப்பு எது, பாத்தி எதுன்னே தெரியலை. அப்படிப்பட்ட வீட்டுக் கதவைத் தட்டி, நூறு ரூபாய் வாங்கிச் சேர்த்த பணம் அது. சும்மா தூக்கிக் கொடுத்துட முடியுமா?

அதனால, கோடிகள்ல இதே சூதாட்டத்தை ஆடுறவங்க என்ன ஆனாங்கன்னு பார்த்துடலாம். புரோ கபடி!

முகமத்ரேஸா ஷாட்லூயி. ஈரான்காரர். லெஃப்ட் கார்னர். பிடிச்சார்னா உடும்புப் பிடி. 2023-24 சீசனுக்கு புனேரி பல்டன் அவரை 2.35 கோடிக்கு எடுத்தது. 99 டேக்கிள் பாயின்ட், கப்பு புனேவுக்கு. அடுத்த சீசன், 2024-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2.07 கோடிக்குத் தூக்கினாங்க. கப்பு ஹரியானாவுக்கு! ஆள் எங்கே போறாரோ கப்பும் கூடவே போகுது. 'அப்புறம் என்னடா, பத்தாயிரத்தைக் கொடுத்துடு'ன்னு கிளம்பாதீங்க. இருங்க.

ஷாட்லூயி வர்றதுக்கு முந்தின சீசன்ல புனே என்ன இடம்? ரன்னர் அப். ஃபைனல்ல ஜெய்ப்பூர்கிட்ட நாலே பாயின்ட்ல தோத்த டீம். ஹரியானா? அதுவும் முந்தின சீசன் ரன்னர் அப்தான். ஃபைனல்ல ஷாட்லூயியோட புனேகிட்டயேதான் தோத்துச்சு. ரெண்டு தடவையும் அவர் போய்ச் சேர்ந்தது ஏற்கெனவே ஏறக்குறைய கட்டி முடிச்ச வீட்டுக்கு. கடைசிப் படியை மட்டும் ஏத்திவிட்டார்.

2025-ல் குஜராத் ஜயன்ட்ஸ் அதே ஆளை 2.23 கோடிக்கு எடுத்தது. மொத்தம் 12 டீம். அதுல எட்டு டீமுக்கு அடுத்த ரவுண்டு கதவு திறந்திருந்த சீசன் அது. குஜராத் அந்த எட்டுக்குள்ளயே வரலை! அதே ஷாட்லூயி, அதே கை, அதே கால். என்ன மாறிச்சு? பக்கத்துல நின்ன ஆளுங்க.

இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருது, பாஸ். ஒரு கார்னர் ரைடரோட கணுக்காலைப் பிடிக்கிறார்னு வைங்க. ஒத்தை ஆளா அந்தப் பிடி ஒரு செகண்ட், மிஞ்சினா ரெண்டு செகண்ட் தாங்கும். அதுக்குள்ள ரைடர் நடுக்கோட்டைப் பார்த்து டைவ் அடிப்பார். அவருக்கும் கோட்டுக்கும் நடுவுல வந்து விழ வேண்டியவர் கவர். கவர் அரை செகண்ட் லேட்னா ரைடர் விரல் கோட்டைத் தொட்டுடும். கார்னர் அவுட். லேட்டா வந்து மேல கை வெச்ச கவரும் அவுட். லட்சம் கொடுத்து வாங்கின ஸ்டார் பெஞ்ச்ல உக்காந்து நகத்தைக் கடிப்பார். நம்ம டீம் எதிர் டீம்ல யாரையாவது அவுட் ஆக்கினாத்தான் அவர் திரும்ப உள்ளே வர முடியும். பேருக்குத்தான் அது கார்னர் பிடி. பாதி வேலை கவரோடது. ஸ்கோர்போர்டுல மட்டும் கார்னர் பேர்!

இன்னொண்ணு. ரைடருக்குக் கண்ணு இருக்கு. லெஃப்ட்ல புலி நிக்குதுன்னு தெரிஞ்சா, அவர் ரைட் பக்கம் பாடப் போவார். அப்போ உங்க லோடு முழுக்க எங்கே இறங்குது? உங்க வீக்கான பையன் தலையில. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் அரியர் வெச்சவங்களுக்குக்கூட இது புரியும். உப்பளத்துல கேட்டா இன்னும் சுலபமா சொல்வாங்க. ஒரு பக்க வரப்பை மட்டும் ஆள் உயரத்துக்குப் போட்டா, தண்ணி தாழ்ந்த பக்கமாத்தான் வரும்.

அமெரிக்கன் ஃபுட்பால்ல இதே கேள்விக்கு ஃபேமஸான கேஸ் ஒண்ணு இருக்கு. அங்கே பந்து வீசுற குவார்ட்டர்பேக்கைப் போய் அமுக்குறதே ஒரு தனி வேலை. அதுல கில்லாடி கலீல் மேக். 2018 செப்டம்பர்ல சிகாகோ பேர்ஸ் டீம் அவரைக் கொண்டுவந்தது. 2017-ல் 16 மேட்ச்ல 5 ஜெயிச்ச டீம், 2018-ல் 12 ஜெயிச்சது. 'ஆஹா, ஒத்தை ஆள்!'னு ஊரே கொண்டாடிச்சு. ஆனா மேக் வர்றதுக்கு முன்னாடியே அவங்க டிஃபென்ஸ் லீக்ல முதல் பத்துக்குள்ள இருந்தது. அதைக் கட்டினவர் கோச் விக் ஃபேஞ்சியோ. 2019 ஆரம்பத்துல அவர் வேற டீமுக்குப் போயிட்டார். மேக் அங்கேயேதான் இருந்தார். அந்த வருஷம் 8 வெற்றி, 8 தோல்வி.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிடணும். அங்கே ஸ்டாரைத் தடுக்க ரெண்டு பேர் போனா, அவரோட கூட்டாளி ஒருத்தர் ஃப்ரீ ஆவார். ஸ்டார் தன் வேலையைச் செய்யலைன்னாலும் டீமுக்கு லாபம். கபடியில வர்றது ஒத்தை ரைடர். அவர் ஸ்டாரைத் தடுக்கவே தேவையில்லை, ஒதுங்கிப் போனா போதும். அதனால கபடியில ஒத்தை ஸ்டார் டிஃபெண்டரை நம்பறது இன்னும் ரிஸ்க்குன்னு எனக்குத் தோணுது.

சரி, நம்ம தமிழ் தலைவாஸ் கதைக்கு வருவோம். ரத்தக்கொதிப்பு இருக்கிறவங்க இந்தப் பாராவைத் தாண்டிடுங்க. 2018-ல் மஞ்சித் சில்லரை எடுத்தாங்க. உலகக் கோப்பை ஜெயிச்ச இந்திய டீம்ல ஆடின ஆள். டீம் அவங்க ஜோன்ல கடைசி. 2019-ல் மஞ்சித்தும் உண்டு, அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரின்னு ஸ்டார் நைட் போஸ்டர் மாதிரி ஒரு லிஸ்ட்டும் உண்டு. 12 டீம்ல பன்னிரண்டாவது. 2024-ல் சீசனோட பெஸ்ட் டிஃபெண்டர் அவார்டையே தலைவாஸோட நிதேஷ் குமார் வாங்கினார், 77 டேக்கிள் பாயின்ட்டோட. டீம் ப்ளே ஆஃப் பக்கம்கூடப் போகலை.

அந்த எட்டு சீசன்ல தலைவாஸ் ஒரே ஒரு தடவைதான் ப்ளே ஆஃப் போனது, 2022-ல். அந்த வருஷம் 2.26 கோடிக்கு வாங்கின பவன் ஷெராவத் முதல் மேட்ச்லயே முழங்கால் காயத்தோட வெளியே போயிட்டார். பவன் ரைடர்தான், ஒத்துக்கறேன். ஆனா அடிபட்டது பிடிக்கப் போனப்போதான்! அப்புறம் நடந்தது என்ன? கார்னர்ல சாகர், சாஹில். கவர்ல நம்ம எம்.அபிஷேக், மோஹித். எல்லாம் இளவட்டம். ஒருத்தர் விழுந்தா மத்தவர் எங்கே விழணும்னு தெரிஞ்ச நாலு பேர். அந்தப் பக்கம் நரேந்தர், முதல் சீசன்லயே 243 ரைடு பாயின்ட் எடுத்துட்டு வந்தார் (அவர் இல்லாம வெறும் டிஃபென்ஸை வெச்சு இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது, உண்மை). கடைசியில சாகருக்கும் காயம். அவர் இல்லாமலே உ.பி. டீமை டை பிரேக்கர்ல சாய்ச்சு, செமி ஃபைனல்ல புனேகிட்ட 37-39னு ரெண்டு பாயின்ட்ல தோத்தாங்க.

நம்ம சினிமாவையும் கொஞ்சம் திட்டிக்கலாமா? 'கில்லி'யில இருந்து 'பைசன்' வரைக்கும் பாடிட்டுப் போறவர்தான் ஹீரோ. கவர்ல நிக்கிற பையனுக்கு ஒரு குளோசப்பாவது உண்டா? இத்தனைக்கும் 2016-ல் பாட்னா கப்பு ஜெயிச்சப்போ அதுக்கு கேப்டன் நம்ம தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன். நாப்பது வயசைத் தாண்டின டிஃபெண்டர். டீமே அவரை 'அண்ணா'ன்னுதான் கூப்பிடும். அவர் வந்து சேர்ந்த பாட்னாவும் அதுக்கு முந்தின சீசன் சாம்பியன்தான், கவனிச்சீங்களா?

இப்போ அந்தப் பத்தாயிரம். போன வருஷம் ஃபைனல்ல ரெண்டு, மூணு பாயின்ட்ல தோத்த டீமா நீங்க? ரெண்டு கவரும், எதிர்ப்பக்க கார்னரும் வருஷக்கணக்கா சேர்ந்து ஆடுறவங்களா? அப்போ தாராளமா ஆளை இறக்குங்க, பணம் வீணாகாது. ஆனா டீலை பேசும்போதே, மேட்ச் அன்னிக்கு வருவாரா, ஒரு வாரம் முன்னாடி வந்து லெஃப்ட் கவர் பையனோட தினம் ஒரு மணி நேரம் விழுந்து எழுவாரான்னு கேட்டுக்கோங்க. வர்றேன்னா சாப்பாடு, தங்க இடம் உங்க செலவு. முதல் ரவுண்டுலயே மூட்டை கட்டுற டீம்னா, முட்டையும் பாலும்தான். ஃபைனல் ஆசையை ரெண்டு பொங்கலுக்குத் தள்ளி வைங்க.

இதெல்லாம் கேட்டுட்டும், மத்தியானம் கார்ல வந்து இறங்கி ராத்திரியே கிளம்பற கார்னருக்குத்தான் மொத்தப் பணமும்னா, எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க. எதிர் டீமுக்கு விசில் அடிக்க நான் வரேன்!