தொள்ளாயிரம் வெள்ளிக்கு ஒரு பேனாவா?

"தொள்ளாயிரம் வெள்ளிக்குப் பேனாவா? உனக்கு மூளை கெட்டுப் போச்சாடா?"

விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பன் கேட்ட கேள்வி இது. கேட்டபோது அவன் கையில் இருந்த கைப்பேசியின் விலை மூவாயிரத்துக்கும் மேல். அதை அவன் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றிவிடுவான். இதைச் சொல்லியிருந்தால் அன்றைய வாதத்தில் நான் வென்றிருப்பேன். ஆனால், அவனுடைய கேள்விக்குப் பதில் ஆகியிருக்காது. அந்தப் பதிலைத்தான் நம் மலரில் எழுத முயல்கிறேன்.

நான் வாங்கியது ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் தயாராகும் 'லாமி 2000' என்ற மைப்பேனா. 1966-இல் வெளிவந்தது. கெர்ட் மூல்லர் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கியது. 'பிரவுன்' நிறுவனத்தின் சமையலறை இயந்திரங்களை வடிவமைத்தவரும் அவரே. 2000-ஆம் ஆண்டிலும் புதிதாகத் தெரிய வேண்டும் என்று அந்தப் பெயரை வைத்தார்களாம். அந்த ஆண்டு கடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பேனாவின் உருவம் பெரிதாக மாறவில்லை. கறுப்பு உடல், எஃகுக் கிளிப். நட்சத்திரமில்லை, தங்க வளையமில்லை. மேசையில் கிடந்தால் நான்கு வெள்ளிப் பேனா என்றுதான் யாரும் நினைப்பார்கள். (2024-இல் அந்த நிறுவனத்தை ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் வாங்கிவிட்டது. நாம் தேர்வுக்கு முதல் நாள் ஓடிப்போய் வாங்குகிறோமே, அந்த 'யூனிபால்' பேனாக்காரர்கள்தான்!)

நிப்பு 14 காரட் தங்கம். மேலே பிளாட்டினம் பூசியிருப்பதால் வெள்ளையாகத் தெரியும். மையில் அரிக்காது என்பதால்தான் நிப்புக்குத் தங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தங்கம் மென்மையானது, தாளில் உரசி உரசித் தேய்ந்துவிடும். எனவே நுனியில் மட்டும் மிகக் கடினமான வேறோர் உலோகக் கலவையைச் சிறு மணியாக ஒட்டுகிறார்கள். இதையெல்லாம் நான் அம்மாவிடம் ஆர்வத்தோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தங்கம்னு சொல்றியே, அடகு வைக்க முடியுமா?"

சிரித்தேன். பிறகு யோசித்தபோது அந்தக் கேள்வி சாதாரணமாகப் படவில்லை. நம் வீடுகளில் செலவுக்கு எப்போதும் ஒரு காரணம் வேண்டும். நகை வாங்கலாம், அவசரத்துக்கு உதவும். கணினி வாங்கலாம், படிப்புக்கு உதவும். கல்யாணத்துக்குக் கடன் வாங்கிக்கூடச் செலவு செய்யலாம், நாலு பேர் பார்ப்பார்கள். ஆனால், 'எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் வாங்கினேன்' என்று சொல்ல மட்டும் நமக்கு நா எழுவதில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து அழகாகும், விரல் வலிக்காது, தேர்வில் வேகமாக எழுதலாம் என்று எத்தனை காரணங்களை அடுக்கியிருப்பேன்! உண்மையைச் சொன்னால், முப்பது வெள்ளி மைப்பேனாவும் எழுதும், நன்றாகவே எழுதும். நூறு வெள்ளிப் பேனாவுக்கும் இதற்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு கொஞ்சம்தான். மீதி எண்ணூறு வெள்ளி என் மகிழ்ச்சிக்கு.

அந்த மகிழ்ச்சி எப்படிப்பட்டது? பால்பாயிண்ட் பேனாவில் மை பசைபோல இருக்கும். உருளும் குண்டை அழுத்தித்தான் அதைத் தாளில் ஏற்ற வேண்டும். மைப்பேனாவில் அழுத்தவே கூடாது. நிப்பின் நடுவே முடி போன்ற ஒரு பிளவு. அதன் வழியே மை தானாக நுனிக்கு இறங்குகிறது. போன மையின் இடத்துக்குக் காற்று ஏறுகிறது. தாளில் தொட்டால் போதும், கோடு வந்துவிடும். ஆனால் இந்தப் பேனாவுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நுனியைச் சரியான கோணத்தில் வைக்காவிட்டால் எழுதாது. விரிவுரை மண்டபத்தில் வருகைப் பதிவுக்காக இதை இரவல் வாங்கிய ஒரு தோழி, இரண்டு முறை கிறுக்கிவிட்டு, "பாவம், மை முடிஞ்சிருச்சு" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இரட்டைக் கோட்டுப் புத்தகத்தில் 'ண'வுக்கு மூன்று சுழி போடாவிட்டால் ஆசிரியை பக்கம் முழுவதும் திரும்ப எழுத வைப்பார். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் தமிழ், பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வகுப்பாகிவிட்டது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்தேன். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் கையால் தமிழில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. புலனத்தில் நாம் எழுதும் தமிழ் எந்த எழுத்தில் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். புதுப் பேனாவுக்கு மை நிரப்பிய அன்று, எதை எழுதிப் பார்ப்பது என்று தெரியாமல் என் பெயரைத் தமிழில் எழுதினேன். பத்து வயதுப் பையனின் கையெழுத்து! வளரவே இல்லை.

இப்போது தினமும் இரவில் ஒரு பக்கம் எழுதுகிறேன். கையெழுத்து அழகாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், நிதானமாகியிருக்கிறது. சுழிகளும் வளைவுகளும் நிறைந்த நம் எழுத்துக்கு இழுபடாத பேனா உகந்தது. வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: ஆக மெல்லிய நிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஜெர்மன் நிப்பு ஜப்பான் நிப்பைவிடத் தடிமனாக எழுதும். தடித்த நிப்பில் 'ண', 'ஞ' எல்லாம் சுழி அடைபட்டு மைப்பொட்டாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் வருவதற்கு முன், மைப்பேனாக்களின் உடலைப் பெரும்பாலும் 'எபோனைட்' என்ற பொருளால் செய்தார்கள். ரப்பரோடு கந்தகம் சேர்த்து நீண்ட நேரம் சூடாக்கினால் கிடைக்கும் கடினமான பொருள் அது. 1877-இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் தொடங்கிய கதைதான் பின்னாளில் நம் முன்னோர்களைத் தோட்டங்களுக்கு இழுத்து வந்தது. என் பாட்டியும் பால்மரம் சீவியவர். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர். பேனாவுக்கான பொருளை மரத்திலிருந்து எடுத்துக் கொடுத்த கைகள் பேனா பிடித்ததில்லை. ஆகவே, 'நமக்கெதற்கு இந்த ஆடம்பரம்?' என்று யாராவது கேட்டால், 'நமக்கு' என்ற அந்தச் சொல்தான் என்னைச் சுடுகிறது.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக எழுதுகிற நான், வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? எட்டு மாதம் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் அது. கல்விக் கடனிலிருந்து ஒரு காசுகூட எடுக்கவில்லை. அப்படியிருந்தும், அப்பா விலை கேட்டபோது "தொண்ணூறு வெள்ளிப்பா" என்றேன். லாரி ஓட்டும் அப்பாவுக்குத் தொண்ணூறே அதிகம்தான். "நல்லா எழுதுதா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதமே அப்பாவின் மோட்டார் சைக்கிள் பழுதானது. பட்டறையில் அறுநூறு வெள்ளி கேட்டார்கள். முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அதைத் தம்முடைய 555 புத்தகத்தில் எழுதி வைத்தார். அப்பாவும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்தான். ஆறாம் வகுப்போடு சரி. ஆனால், கையெழுத்து அச்சுப்போல இருக்கும். அந்தக் கடன் வரியைப் பார்த்த இரவு நான் பேனாவைத் தொடவில்லை. பேனா வாங்கியது தவறு என்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. விலையை மறைத்ததுதான் தவறு. மகிழ்ச்சிக்காக வாங்கினேன் என்று வீரமாக இங்கே எழுதுகிறவன், பெற்றவரிடம் அதைச் சொல்லக் கூசினேன்.

தீபாவளி விடுமுறையில் உண்மையைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "உன் காசுதானே. பொய் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, 555 புத்தகத்தைத் திறந்து, அன்று சந்தையில் வாங்கிய சாமான்களை எழுதிப் பார்த்தார். முதல் முயற்சியிலேயே கோணம் சரியாக அமைந்துவிட்டது. ஆனால், அந்தப் புத்தகத்தின் தாள் மிக மெலிது. மை பின்பக்கத்துக்கும் ஊறி, அங்கிருந்த பழைய கணக்கை அழித்துவிட்டது. "அழகாத்தான் எழுதுது" என்று சொல்லி, மூடியைப் போட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து மீதிக் கணக்கை எழுதத் தொடங்கினார்.