சிகிச்சை லயத்துக்கு வரவேண்டும்



கை கால் சரியாக வராத பிள்ளை, வயது வந்தும் தானே சாப்பிடத் தெரியாத பிள்ளை நமது லயங்களிலும் உண்டு. "போன ஜென்மத்துப் பாவம், என்ன செய்றது?" என்று வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். இது பாவமுமல்ல, சாபமுமல்ல.

கரண்டி பிடிக்க, சட்டை மாட்ட, உட்கார்ந்து விளையாடப் பழக்குவதற்கென்றே ஒரு சிகிச்சை இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரப்பி என்பார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். பிள்ளை சாப்பிடுவது நம் குசினியில். ஆகவே சிகிச்சையாளர் அங்கேயே வந்து தாய்க்கும் பாட்டிக்கும் காட்டிக் கொடுத்தால்தான் பழக்கம் நிலைக்கும். கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால், பிடிக்க வராத கைக்கும் பிடி சுலபமாகும். இதைக் கற்க ஒரு நாள் சம்பளத்தை விட்டு டவுனுக்கு ஓட வேண்டுமா?

வீடு தேடிப் போவது நாட்டுக்குப் புதிதல்ல. 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் சமூக நல இலாகா தொடங்கிய பி.டி.கே. மறுவாழ்வுத் திட்டத்தில் வீட்டுப் பயிற்சியும் உண்டு. கம்பத்துக்குப் போகும் சேவை தோட்டத்துக்கும் வரட்டும்! மாதம் ஒருமுறையாவது சிகிச்சையாளர் வண்டி தோட்டத்து மண்டபத்துக்கு வரவேண்டுமெனச் சங்கம் கேட்க வேண்டும்.

நம் கடமையும் இருக்கிறது. 9 மாதமாகியும் உட்காரவில்லையா? 18 மாதமாகியும் நடக்கவில்லையா? உடனே அரசாங்க கிளினிக்கில் காட்டுங்க. ஊனமிருந்தால் ஓ.கே.யூ. அட்டைக்குப் பதிந்து, கிளைத் தலைவரிடமும் சொல்லுங்க. பிள்ளையை ஒளிச்சு வச்சா, வண்டி யாரைத் தேடி வரும்?