நீர்மட்டம் மட்டும் அளந்தால் போதுமா?

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் அனல் மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் மின் உற்பத்தி நிறுவனத்துக்கு அந்நாட்டுப் பணத்தில் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. பஞ்சமர் தொடக்கூடாதென்று கிணறுகளைக் காவல் காத்த மண் அது. தன் கிணறு கெட்டால் அடுத்த கிணற்றில் கயிறு விட முடியாதவர் எங்கே போவார்?

திருத்தணி வழியாகச் செல்லும் சென்னை–திருப்பதி சாலையிலும் பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன. நிலத்தடித் தொட்டி கசிந்தால் வெளியே தெரியாது. எண்ணெய் நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். கோடையில் நீரோடு இறங்கி மண்ணில் ஒட்டும், மழையில் மீண்டும் ஏறும். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவை மூக்கு அறியாது.

புதிய பங்க் பொதுவாகக் குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறை. குடியிருப்பு என்றால், சட்டப்படி அப்படி வகைப்படுத்தப்பட்ட பகுதி. 'காலனி' என்ற சொல்லைப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025இல் தமிழக அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால், பட்டாவே கிடைக்காத நம் தெரு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

வரும் கிராம சபையில் நம் ஆழ்துளைக் கிணறுகளுக்கு எண்ணெய்ப் பரிசோதனை கேட்போம்: கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. அறிக்கையை நம் தெருவிலேயே ஒட்டச் சொல்வோம்.