தூங்காத தலையாரி

கும்பகோணம் பக்கம் ராத்திரி கதவைத் தட்டுவது திருடனாகத்தான் இருக்கணும் என்பதில்லை. யானைக்கால் சோதனைக்காரர்கள் தட்டிய காலம் உண்டு. அந்தக் குட்டிப் புழுக்கள் பகலெல்லாம் நுரையீரல் பக்கம் பதுங்கிக் கிடந்து, கொசு கடிக்கிற நேரம் பார்த்து ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வரும். அதனால் தூங்குகிறவரை எழுப்பி விரலில் குத்துவார்கள். புழுவுக்கும் நைட் ஷிப்ட்!

நோய் முற்றியவருக்கு அவ்வப்போது நெறி கட்டிக் காய்ச்சல் வரும். நடுக்கம், போர்வை, அப்புறம் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். இந்தத் தூக்கத்தைக் கொண்டுவருவது நம் உடம்பேதான். எதிர்ப்பு செல்கள் இன்டர்லூகின்-1, டி.என்.எஃப். என்று சில ரசாயனங்களைச் சுரக்கின்றன. சேதி மூளைக்கு எட்டியதும் அங்கிருக்கும் மைக்ரோக்ளியா செல்களும் அதையே சுரந்து, 'பேசாம படு' என்கின்றன.

1919-ல் ஸ்பெயின்காரர் ரியோ ஒர்டேகா பெயர் வைத்த செல்கள் இவை. கிராமத்துத் தலையாரி மாதிரி கையை நீட்டி நீட்டி அக்கம்பக்கம் தடவிப் பார்க்கும், குப்பையும் அள்ளும். விழித்திருக்கும் எலியிடம் கையைச் சுருக்கிக்கொள்ளும் இவை, மயக்க மருந்து கொடுத்தால் தாராளமாக நீட்டுகின்றன என்று 2019-ல் பார்த்தார்கள்.

மூணு நாள் காய்ச்சலுக்கு இது சரி. வருஷக்கணக்கில் இழுக்கும் மூட்டுவாதம், சர்க்கரை என்றால்? தலையாரி விசிலை நிறுத்துவதே இல்லை என்பது இப்போதைய ஊகம். பகலில் அசதி, ராத்திரி துண்டு துண்டாய்த் தூக்கம். தூக்கம் கெட்ட எலிகளின் மைக்ரோக்ளியா மேலும் உசுப்பேறுகிறதாம். விசிலால் தூக்கம் போய், தூக்கம் போனதால் விசில்.

2004-ல் அமெரிக்காவில், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் எட்டுப் பேருக்கு டி.என்.எஃப்.-ஐ அடக்கும் மூட்டுவாத மருந்தைக் கொடுத்தார்கள். பகல் தூக்கம் குறைந்தது. எட்டே பேர், சார். மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். பதுங்கியிருக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடிய மருந்து அது.

திருவையாற்றில் என் பெரியப்பாவுக்குப் பதினைந்து வருஷ மூட்டுவாதம். திண்ணையில் கண்ணயர்ந்தால் போதும், "ஆத்துல தண்ணி வந்தாச்சு, அப்பாவுக்கு மட்டும் இன்னும் பொழுது விடியல" என்பான் மகன். பெரியப்பா பதில் சொல்ல மாட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். டாக்டரிடம் முட்டிவலியைச் சொல்கிறார்கள், தூக்கத்தைப் பற்றி மூச்சே விடுவதில்லை. அவர் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போடா என்றேன்.

நோட்டைக் காட்டினான். முதல் பக்கத்தில்: '1.10, 2.40, 4.00. நானும் முழிச்சிருந்தேன்.'