மின்கலம் ஓய்ந்த ஊர்தி

பங்குனித் திங்களில் மயிலை மாடவீதிகளில் அறுபத்துமூவர் திருவுலா நிகழுங்கால், தெருவோர விளையாட்டுப்பொருட் கடைமுன் குழந்தை அழுது நில்லாத ஆண்டில்லை. அது கேட்பது நெகிழி ஊர்தி. இரண்டு நாளில் அது ஓய்ந்துவிடும் என்பதைத் தந்தை அறிவார். வாங்கித் தரலாமா?

தரலாம். விலை சிறிதாயின், அவ்வேமாற்றம் குழந்தை தன் கையாலேயே கற்கும் பாடம். பிறர் சொல்லி விளங்காதது. ஓய்ந்தபின் "அப்பொழுதே சொன்னேனே" என்று கடிவதுதான் கொடுமை. பொம்மை தந்த ஏமாற்றத்தினும் அச்சொல் தருவது பெரிது.

தியாகராய நகர்ப் பெருங்கடைகளின் வண்ணப்பெட்டி வேறு. படத்திற் பறப்பது கையில் ஊர்வதுமில்லை. நாட்கூலியை விழுங்கும் விலையுடையனவும் உள. 2021 சனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரமுத்திரையை நடுவணரசு கட்டாயமாக்கியது. அது குழந்தையின் உடலுக்கு ஊறு நேராமற் காப்பது. பெட்டிப்படத்தின் பொய்க்கு அது பொறுப்பன்று. அங்கே, திறந்து இயக்கிக் காட்டுமாறு கேட்க வேண்டும். மறுத்தால் திரும்பிவிட வேண்டும். குழந்தை அழட்டும்.

பெரும்பாணாற்றுப்படையில் சிறுதேர் உருட்டிய புதல்வர், நடந்த களைப்புத் தீரப் பாலுண்டு உறங்குகின்றனர். அத்தேர் தானே ஓடியதன்று, அவர்கள் ஓட்டியது. இன்றைய ஊர்தி தானே ஓடும். குழந்தை நின்று பார்க்கும். அதற்காக மரச்செப்பையே வாங்குக என வற்புறுத்துவதும் வீண். செப்பைக் கண்டு மகிழ்வோர் பெரும்பாலும் தாய்மாரே!

மின்கலம் ஓய்ந்த ஊர்தியைக் கயிறு கட்டித் திண்ணையோரம் இழுத்தோடும் குழந்தைகளும் மயிலையில் உண்டு. முன்னினும் விரைவாகவே அது ஓடுகின்றது.