சப்பாத்திக்கள்ளிப் பழம் சாப்பிட்டா ரத்தம் ஊறுமா?

போன மாசம் காங்கேயம் பக்கம் அம்மிச்சி ஊருக்குப் போயிருந்தேன். அஞ்சு மாசக் கர்ப்பிணியான என் சித்தி மகள், திண்ணையில் உட்கார்ந்து சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்றுகொண்டிருந்தாள். வாயெல்லாம் செக்கச்செவேல்.

"ஹீமோகுளோபின் 8.6 தான் இருக்குதாம்க்கா. இதைச் சாப்பிட்டா ரத்தம் ஊறும்னு ரீல்ஸ்ல பார்த்தேன். அந்த இரும்பு மாத்திரை வயித்தைப் புரட்டுது, நிறுத்திட்டேன்."

பழம் தின்றதில் ஒன்றும் இல்லை. மாத்திரையை நிறுத்தியதுதான் தூக்கிவாரிப் போட்டது. கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

அந்தச் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அது பீட்டாலெய்ன் என்கிற நிறமி. பீட்ரூட்டில் இருப்பதும் இதே வகைதான். நிறையச் சாப்பிட்டால் சிலருக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

ஆனால் இந்த நிறமி நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட். நம் செல்களை அரிக்கிற ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும். அதை லேபில் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? டிபிபிஎச் என்ற கத்தரிப்பூ நிறக் கரைசலில் பழச்சாற்றை விடுவார்கள். நிறம் வெளுத்து மஞ்சளானால் பழத்துக்குச் சக்தி இருக்கிறது என்று அர்த்தம். நாவல், களாக்காய், நெல்லி எல்லாம் இதில் பாஸ். ஆனால் அது சோதனைக்குழாய் மார்க். வயிற்றில் செரித்து, ரத்தத்தில் கலந்த பிறகு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. இதே காரணத்துக்காகத்தான் அமெரிக்க வேளாண்மைத் துறை, உணவுகளுக்கு இப்படி மார்க் போட்டு வைத்திருந்த பட்டியலை 2012-ல் இணையத்திலிருந்தே எடுத்துவிட்டது.

மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். 2004-ல் வெளிவந்த இத்தாலி ஆய்வில், ஆரோக்கியமான 18 பேர் தினமும் அரைக் கிலோ கள்ளிப்பழத்தை 2 வாரம் சாப்பிட்டார்கள். உடலில் ஆக்ஸிஜனேற்றச் சேதம் குறைந்தது. ஆனால் அது வேறு ரகக் கள்ளி. ரத்தசோகைக்கான சோதனையும் அல்ல.

இப்போது கணக்குக்கு வருவோம். அதே அமெரிக்கத் துறையின் சத்துப் பட்டியல்படி 100 கிராம் கள்ளிப்பழத்தில் இரும்புச்சத்து 0.3 மில்லிகிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம். ஒரு மாத்திரைக்கு ஈடாக 20 கிலோ பழம் தின்ன வேண்டும்!

அதற்காகப் பழத்தை ஒதுக்க வேண்டாம். இதிலுள்ள வைட்டமின் சி, கீரை, பயறில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். சாப்பாட்டோடு ஒன்றிரண்டு போதும். ஒரேயடியாகத் தின்றால் கொட்டைகள் மலச்சிக்கலைக் கொடுக்கும். மாத்திரையே சிலருக்கு அதைச் செய்யும் என்பதால் கூடுதல் கவனம். அம்மிச்சி முறைதான் சரி: குச்சியால் தட்டி விழவைத்து, புல்லில் புரட்டி, அனலில் வாட்டி, நடுவிலுள்ள முள்ளை எடுத்துவிட்டுத்தான் வாயில் வைக்கணும். தொண்டையில் சுனை குத்தினால் அன்றைக்கு முழுக்க எச்சில் விழுங்க முடியாது (சின்ன வயதில் பட்டிருக்கிறேன்).

இந்தக் கள்ளி நம்ம ஊர்ச் செடியே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்க கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கொண்டுவந்தார்கள். காடுகரையெல்லாம் பரவி அடங்காமல் போகவே, 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து அழித்தார்கள். மிச்சம் இருப்பதுதான் வேலியோரம் நிற்கிறது.

சித்தி மகளை மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரி போடச் சொன்னார். கூடவே டீ, பால் வேண்டாம் என்றார். இப்போது புரட்டல் குறைந்திருக்கிறதாம். தினமும் ராத்திரி மாத்திரை அட்டையை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். நேற்று வந்த போட்டோவில் அட்டைக்குப் பக்கத்தில் இரண்டு கள்ளிப்பழமும் இருந்தது.