பயங்கரவாத விவாதம்: சட்டத்தின் கடுமை எதற்கு அளவுகோல்?

2025 ஜூலை இறுதியில் பஹல்காம் தாக்குதல் குறித்து நாடாளுமன்றம் விவாதித்தது. 26 பேர் கொல்லப்பட்ட பைசரன் புல்வெளியில் பாதுகாப்பு ஏன் இல்லை என எதிர்க்கட்சிகள் கேட்டன. உள்துறை அமைச்சர் அமித் ஷா, 2004-இல் பொடா சட்டத்தை நீக்கியதைக் காங்கிரசின் குற்றமாக எடுத்துரைத்தார். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் அன்றைய உள்துறை அமைச்சர் பதவி விலகினாரே, இன்று விலகியது யார் என்று பிரியங்கா காந்தி வினவினார். பயங்கரவாதத்தைப் பொருட்படுத்திய தலைவர் யார் என்ற இப்போட்டி கால் நூற்றாண்டாக நடந்துவருகிறது. இதில் பெரும்பாலும் முன்வைக்கப்படும் அளவுகோல் சட்டத்தின் கடுமையே. அந்த அளவுகோலைச் சோதித்துப் பார்ப்பது நம் கடமை.

பொடாவின் முன்னோடியான அவசரச் சட்டம் 2001 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்டது. அது நடைமுறையில் இருந்தபோதுதான் டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. 2002 மார்ச்சில் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் பொடா நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் குஜராத்தின் அக்சர்தாம் கோயில் தாக்கப்பட்டு 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வழக்கில் பொடாவின்கீழ் ஆறு பேர் தண்டிக்கப்பட்டனர், மூவருக்குத் தூக்கு. காவல்துறை அதிகாரியிடம் அளிக்கும் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்க அச்சட்டம் இடமளித்தது. 2014 மே 16 அன்று, மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான அதே நாளில், உச்ச நீதிமன்றம் அறுவரையும் விடுதலை செய்தது. அவர்கள் குற்றமற்றவர்கள் எனில், சதி செய்தவர்கள் எங்கே? பலியானோரின் குடும்பங்களுக்கு எவரும் பதில் சொல்லவில்லை.

பொடாவைக் கொண்டுவந்த கூட்டணியில் இடம்பெற்றிருந்த வைகோவே, ஒரு மேடைப்பேச்சுக்காக 2002 ஜூலையில் அதே சட்டத்தில் கைதாகி 19 மாதங்கள் சிறையிருந்ததைத் தமிழ்நாடு அறியும்.

காங்கிரசு மாற்று வழி எதையும் காட்டவில்லை. 2004 செப்டம்பரில் பொடாவை நீக்கிய கையோடு, அதன் முக்கியக் கூறுகளைச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள், அதாவது 'உபா'வுக்குள், புகுத்தியது. 2008 டிசம்பரில் ப. சிதம்பரம் உள்துறை அமைச்சராக இருந்தபோது 43-டி (5) பிரிவு சேர்க்கப்பட்டது. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையெனத் தோன்றினாலே பிணையை மறுக்கச் சொல்லும் பிரிவு அது. 2019-இல் தனிநபரையும் பயங்கரவாதியென அறிவிக்கும் அதிகாரத்தை அமித் ஷா கோரியபோது, மாநிலங்களவையில் காங்கிரசு ஆதரித்தே வாக்களித்தது.

இரு கட்சிகளும் சேர்ந்து வளர்த்த இச்சட்டம் யார்மீது பாய்ந்தது? 2018 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் கூடிய தலித் மக்கள் தாக்கப்பட்டனர். ஆனால், அதற்கு முந்தைய நாள் நடந்த எல்கார் பரிஷத் மாநாட்டை முன்னிறுத்தி, எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் உபாவில் சிறையிடப்பட்டனர். தலித் செயற்பாட்டாளர் சுதிர் தவாலே 2018 ஜூனில் கைதாகி, 2025 ஜனவரியில்தான் பிணையில் வெளிவந்தார். அறிஞர் ஆனந்த் தெல்தும்டே சிறை புகுந்த நாள் 2020 ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்கண்ட் பழங்குடியினருக்காக உழைத்த ஸ்டேன் சுவாமி, பிணை கிட்டாமலேயே 84 வயதில் நீதிமன்றக் காவலில் இறந்தார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1997 டிசம்பர் 1 இரவு, பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் ரன்வீர் சேனா 58 தலித் மக்களைச் சுட்டுக்கொன்றது. குழந்தைகளும் தப்பவில்லை. விசாரணை நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஒரு சமூகத்தையே அச்சுறுத்தி அடக்க நடந்த அப்படுகொலையைப் பயங்கரவாதம் என்றழைத்து, அதைப் பொருட்படுத்தியவர் யாரென நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சியும் போட்டியிடவில்லை.

பயங்கரவாதம் மெய்யான ஆபத்து. அதற்கு உயிர் கொடுப்பவர்கள் எளிய மக்களும் எளிய வீட்டுப் பிள்ளைகளான படைவீரர்களுமே. ஆகவே தலைவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை வேறு. எச்சரிக்கை எங்கே தவறியது என வெளிப்படையாக ஆராய்ந்தீர்களா? அதற்கு யார் பொறுப்பேற்றார்? உண்மைக் குற்றவாளியை நிற்கக்கூடிய சாட்சியத்தோடு நிறுத்தினீர்களா? சாதியின் பெயரால் நிகழும் பெருங்கொலைகளுக்கும் அதே அக்கறை உண்டா? இவற்றுக்கு விடை தராதவர் எத்தனை கடுமையான சட்டம் இயற்றினாலும், பயங்கரவாதத்தைப் பொருட்படுத்தியவராக மாட்டார்.